ரப்பர் பேண்ட் படாத அட்டை

“என் தம்பியை ஒரு பேஸ்பால் அட்டை முழுங்கிடுச்சு” என்றார் மார்லீன் டெஷ், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

நான் டோனட்டைக் கீழே வைத்தேன். பார்மா ஊரில் துப்பறியும் தொழில் என்றால் ஓடிப்போன கணவன், ஓடிப்போகாத கணவன், பக்கத்து வீட்டுக்காரர் விடியற்காலையில் ஓட்டும் புல்வெட்டும் மெஷின், இவ்வளவுதான். அட்டை ஆளை விழுங்கிய கேஸ் இதுவே முதல்.

என் பாஸ் வெர்னா ஸ்டோக்லி ஒரு பிடி சூரியகாந்தி விதையை வாயில் போட்டுக்கொண்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்த காலத்தில் பொய் கிளெய்ம்காரர்களைக் கிழித்துத் தொங்கவிட்டவர். எரிந்துபோன வீட்டின் முன் நின்று ஒருவன் அழுதால் அவன் கண்ணைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். ஷூ லேஸ் ஒழுங்காகக் கட்டியிருந்தால், நெருப்பு வரப்போவது அவனுக்கு முன்பே தெரியும் என்று அர்த்தம். இப்படிப்பட்டவரிடம் உதவியாளனாக இருந்துகொண்டு வயிற்றுவலி என்று சொல்லி என்னால் ஒரு நாள்கூட லீவு போட முடிந்ததில்லை.

“முதல்லேர்ந்து சொல்லுங்க” என்றார் வெர்னா.

“டெஷ் பவுலிங் கூடம், பந்தை உருட்டிக் குச்சி சாய்க்கிற இடம், எங்க அப்பா கட்டினது. பாதி எனக்கு, பாதி என் தம்பி ரோலண்டுக்கு. இன்னிக்கு சாயங்காலம் அவன் பாதியை டுவேன் ஃபிக்கெட்டுனு ஒருத்தனுக்கு எழுதிக் குடுக்கப் போறான். பதிலுக்கு என்ன வாங்கறான்னு கேளுங்க. ஒரு பை நிறைய அட்டை!”

“எவ்வளவு பெரிய பை?” என்றேன்.

“பவுலிங் பந்து வைக்கிற பை.”

“பவுலிங் கூடத்தைக் குடுத்துட்டு பவுலிங் பையை வாங்கறாரா? பரவாயில்லையே, குலத்தொழிலை விடலை.”

மார்லீன் வெர்னாவிடம் திரும்பினார். “இந்த ஆளை எதுக்கு வெச்சிருக்கீங்க, வேண்டுதலா?”

“நிக் அப்படித்தான் பேசிட்டே இருப்பான். ஓட்டை ஃபேன் சத்தம்னு நினைச்சுக்குங்க. ஃபிக்கெட் கைக்குப் பாதி போனா என்ன ஆகும்?”

“இடிச்சுட்டு கார் கழுவற இடம் கட்டலாம்னு இப்பவே பேசிட்டுத் திரியறான். என் வீடே அந்தக் கூடத்து மாடிதாங்க. எனக்கு வேற வேலை தெரியாது, வேற ஊர் தெரியாது. இந்த வயசுல நான் எங்க போவேன்?” அவருடைய குரல் உடைந்தது. உடைந்ததற்காக அவருக்கே கோபம் வந்தது. “ரெண்டு வருஷமா எங்ககிட்ட வந்து ஆடறான். சொந்தமா ஒரு பந்து வாங்கத் துப்பில்லாம வாடகைப் பந்தை உருட்டறவன், அவன் எனக்குப் பங்காளியா?”

வெர்னா மெல்லுவதை நிறுத்தினார். அவர் மெல்லுவதை நிறுத்தினால் எங்கேயோ ஒருவனுக்குச் சனி பிடித்துவிட்டது என்று நான் புரிந்துகொள்வேன்.

ரோலண்டும் ஃபிக்கெட்டும் அப்போது மாதா கோயில் ஹாலில், பபிள்கம் பாக்கெட்டோடு வரும் பேஸ்பால் ஆட்டக்காரர் பட அட்டைகளை வாங்கி விற்கும் சந்தையில் இருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சமையலறையில் உருளைக்கிழங்கு வைத்த பிரோகிக் கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தது. வெண்ணெயில் வதங்கும் வெங்காய வாசனை ஆளைத் தூக்கியது. ஆனால் யாரும் சாப்பிடக் காணோம். விரலில் எண்ணெய் பட்டால் அட்டை கெட்டுவிடுமாம். தொப்பையும் வழுக்கையுமாக வளர்ந்த ஆண்கள் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, பொண்ணு பார்க்க வந்த மாமியார் மாதிரி அட்டையின் நாலு மூலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரோலண்ட் டெஷ் பெரிய உடம்பும் சின்னப் பிள்ளை முகமுமாக இருந்தார். பக்கத்தில் ஃபிக்கெட். ஒல்லி, இஸ்திரி போட்ட சட்டை, ஓயாத சிரிப்பு. அவன் காலடியில் ‘டெஷ் பவுலிங்’ என்று அச்சடித்த பந்துப் பை.

“உங்க அக்கா அனுப்பினாங்க” என்றார் வெர்னா நேரடியாக. “தடுக்க வரலை. என்ன வாங்கறீங்கன்னு பார்த்துட்டுப் போறோம்.”

“பாருங்க, பாருங்க!” ரோலண்டுக்கு ஒரே குஷி. “இதுல முக்கியமே எந்த வருஷத்து செட்டைச் சேர்க்கறதுன்னு தேர்ந்தெடுக்கறதுதாங்க. எல்லாரும் துரத்தற செட்டை எடுத்தா நான் கூட்டத்துல கோவிந்தா. யாரும் சீண்டாத செட்டா எடுத்து, அதுல முடிஞ்ச மட்டும் பத்துக்குப் பத்து வாங்கின அட்டையா சேர்த்தா, நாட்டுலயே நான்தான் முதல்!”

“அதாவது யாருமே ஓடாத பந்தயத்துல முதல் பரிசு” என்றேன்.

“அதேதான்!” என்றார். என் கிண்டல் அவர்மேல் ஒட்டவே இல்லை.

இங்கே பத்துக்குப் பத்து என்பது விளையாட்டில்லை. அட்டையைத் தரம் பார்க்கிற கம்பெனிக்கு அனுப்பினால், மூலை மழுங்கியிருக்கிறதா, படம் நடுவில் இருக்கிறதா, கீறல் உண்டா என்று பார்த்து மார்க் போட்டு, கனத்த பிளாஸ்டிக்கில் வைத்து ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். அதற்கப்புறம் அதை யாரும் தொட முடியாது. எந்த அட்டைக்கு இதுவரை எத்தனை பத்து போட்டிருக்கிறோம் என்பதையும் அவர்களே ஊருக்கெல்லாம் அறிவிப்பார்கள். அந்த எண்ணிக்கை குறையக் குறைய இவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

ரோலண்ட் தேர்ந்தெடுத்திருந்தது அறுபத்தொன்பதாம் வருஷத்து லேக்லேண்ட் பபிள்கம் செட். ஃபிக்கெட் சொல்லித்தான் தேர்ந்தெடுத்தாராம்.

“இதோ, செட்டோட உயிர்நாடி” என்று ஃபிக்கெட் ஒரு பிளாஸ்டிக்கை எடுத்து நீட்டினான். உள்ளே விடைத்த காதுகளோடு ஒருவர் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்மோ ஸ்டாட்லர் என்று பெயர்.

“பெரிய ஆட்டக்காரரா?” என்றார் வெர்னா.

“யாருக்குத் தெரியும்? கடைசி நம்பருங்க அவரு!” என்றார் ரோலண்ட், தெய்வத்தைப் பற்றிக் கேட்டதுபோல.

ஃபிக்கெட் பொறுமையாக விளக்கினான். “அந்தக் காலத்துப் பசங்க அட்டையை நம்பர்படி அடுக்கி ரப்பர் பேண்ட் போடுவாங்க. மேல இருக்கிற முதல் நம்பரும், அடியில இருக்கிற கடைசி நம்பரும் ரப்பர் கடிச்சு ஓரம் வெட்டுப்பட்டுடும். அதனாலதான் ஸ்டாட்லருக்குப் பத்து வாங்கினது நாட்டுலயே ரெண்டே ரெண்டு. ஒண்ணு இது. இன்னொண்ணு வெச்சிருக்கறவர் பேரை வெளியில சொல்ல விரும்பலை.”

“வாழ்நாள்ல அந்த மனுஷன் பந்தைத் தொட்டதே அபூர்வம்னு நினைக்கிறேன்” என்றேன். “இப்ப அவரை யாரும் தொடாததுக்கு இவ்வளவு மரியாதையா!”

வெர்னா மற்ற பிளாஸ்டிக்குகளைப் புரட்டினார். ஆரம்ப நம்பர்களுக்கெல்லாம் ஏழு, எட்டு மார்க்தான். கடைசிப் பகுதி நம்பர்கள் மட்டும் வரிசையாகப் பத்து, பத்து, பத்து.

“கடைசியில மட்டும் எப்படி இவ்வளவு நல்லா இருக்கு?”

“அதான் மேடம் இதுல அதிசயமே. கம்பெனி ஒரே தடவையில எல்லா நம்பரையும் விடாது. கடைசிப் பகுதி கடைக்கு வர்றப்போ பேஸ்பால் சீசன் முடியற செப்டம்பர் ஆயிடும். அதுக்குள்ள பசங்க ஃபுட்பாலுக்குத் தாவிடுவாங்க. எந்தக் கடைக்காரனும் வாங்க மாட்டான்.”

“அப்ப இது எங்கேர்ந்து வந்தது?”

ஃபிக்கெட்டின் குரல் உருகியது. “ஒரே ஒரு பையன் சேர்த்ததுங்க. தினம் ராத்திரி எடுத்துப் பார்த்து, நம்பர்படி அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு ஷூ பெட்டியில வெச்சுட்டுத்தான் தூங்குவானாம். இப்ப வயசாகிப் போய்ச் சேர்ந்துட்டார். அவர் சம்சாரம் அழுதுக்கிட்டே எங்கிட்ட குடுத்தாங்க.”

ரோலண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தக் கூட்டத்துக்கு அட்டை மட்டும் போதாது. கூடவே ஒரு ஷூ பெட்டியும், ஒரு பையனும், ஒரு சாவும் வேண்டும். அப்போதுதான் மனசு நிறையும்.

வெர்னா நன்றி சொல்லிவிட்டு வெளியே நடந்தார். நான் ஒரு தட்டு பிரோகி வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

“போலி அட்டைதானே பாஸ்?” என்றேன், காரைக் கிளப்பியபடி. “பிளாஸ்டிக்கும் டூப்பு, மார்க்கும் டூப்பு.”

“அட்டை நிஜம். பிளாஸ்டிக் நிஜம். மார்க்கும் நிஜம். கதை மட்டும்தான் டூப்பு.”

“சம்சாரம் அழலையா?”

“அட மண்டு. ரப்பர் பேண்ட் போட்டா கடைசி அட்டை வெட்டுப்படும்னு அவனே சொன்னான். அப்புறம் அந்தப் பையன் தினம் ராத்திரி ரப்பர் பேண்ட் போட்டான்னும் அவனே சொன்னான். ஸ்டாட்லர் அட்டை ஓரத்துல ஒரு வெட்டு இருந்துதா?”

நான் பிரோகியை விழுங்கினேன். எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது. தோன்றவில்லை. வெர்னா விதைத் தோலை ஜன்னல் வழியே துப்பினார்.

“அந்த அட்டையை எந்தப் பையனும் தொட்டதே இல்லை, நிக். பிரிக்காத பாக்கெட்லேர்ந்து நேரா பிளாஸ்டிக்குக்குப் போயிருக்கு. பிரிக்காத பாக்கெட் தனியா இருக்காது, பெட்டியா இருக்கும். ஒரு பெட்டியில ஒரே ஒரு ஸ்டாட்லரா இருப்பான்?”

“அப்ப ரெண்டே ரெண்டுங்கிறது...”

“அவன் இதுவரைக்கும் மார்க்குக்கு அனுப்பினது ரெண்டு. பேர் சொல்ல விரும்பாத அந்த இன்னொருத்தனும் அவன்தான். எண்ணிக்கை குறைச்சலா இருந்தா பொருள் அபூர்வம்னு இந்த ஆளுங்க நினைச்சுக்கறாங்க. யாரும் அனுப்பலைன்னாலும் எண்ணிக்கை குறைச்சலாத்தான் இருக்கும். அவன் யாரும் சீண்டாத செட்டா ரோலண்டுக்குத் தேர்ந்தெடுத்துக் குடுத்ததே அதுக்குத்தான்.”

“சரி, பெட்டி எங்க?”

“நீயே சொல்லு. செப்டம்பர்ல எந்தக் கடைக்காரனும் வாங்க மாட்டான். ஆனா வெயில் காலம் பூரா ஈ ஓட்டிட்டு, செப்டம்பர்ல வாராவாரம் குழுவா ஆடற லீக் ஆட்டம் தொடங்கினதும் மிட்டாய், சிப்ஸ், பசங்களுக்கான சாமான்னு வாங்கிக் குவிக்கிற இடம் எது?”

சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்தேன். “பவுலிங் கூடம்!”

“எந்தக் கூடம்?”

“இந்தப் பக்கத்துல எத்தனையோ இருக்கே பாஸ்.”

“நாட்டுலயே அபூர்வமான பொருள் கையில இருக்கறவன், அதைக் குடுத்துட்டு ஒரு பழைய கூடத்துல பாதியை ஏன் கேக்கறான்? அப்புறம் இன்னொண்ணு. சொந்தமா பந்தே இல்லாதவனுக்குப் பந்து வைக்கிற பை எதுக்கு?”

பின்னால் இருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து என் பரம்பரையையே திட்டினான். விளக்கு பச்சையாகி நேரமாகியிருந்தது.

டெஷ் பவுலிங்கில் லீக் ஆட்டம் களைகட்டியிருந்தது. பந்து உருளும் சத்தமும், குச்சிகள் சரியும் சத்தமும், நாச்சோ சீஸ் வாசனையும். மார்லீன் எங்களைப் பின்பக்க ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப் போனார்.

“நான் இந்தப் பக்கம் வர்றதே இல்லைங்க. போன குளிர்காலத்துல பைப் வெடிச்சு இங்க தரையெல்லாம் தண்ணி. ஃபிக்கெட்தான் தானா வந்து, நான் சுத்தம் பண்ணித் தர்றேன்னு...”

அவர் நின்றார். வாயும் நின்றது. பிறகு, கூடம் நடத்துகிற பெண் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு கெட்ட வார்த்தையைச் சொன்னார். அதை நான் அச்சில் தர முடியாது.

யாருக்கும் பொருந்தாத பெரிய சைஸ் வாடகை ஷூக்கள் ஒரு மூலையில் குவிந்திருந்தன. நான் அவற்றைத் தள்ளினேன். அடியில், ஈரம் படாமல் மரப்பலகைமேல் ஏற்றி, பாலித்தீன் போர்த்தி, குழந்தையைத் தூங்கவைத்த மாதிரி லேக்லேண்ட் பபிள்கம் பெட்டிகள். ஒன்று மட்டும் பிரிந்து பாதி காலி. மற்றவை ஒட்டியது ஒட்டியபடி இருந்தன.

“உங்க மாவுலயே பிரோகி சுட்டு உங்களுக்கே விக்கிறான்” என்றேன்.

“சில நாள் காலிப் பையோட வருவான், வயித்துப்பிள்ளைக்காரி மாதிரி பையைத் தாங்கிக்கிட்டுப் போவான். பந்து வாங்கிட்டான் போலன்னு ஒரு நாள் நினைச்சேன். அடப்பாவி!”

“பைக்குள்ள எவ்வளவுதான் கொள்ளும்?” என்றார் வெர்னா. “உங்க கண்ணெதிர்ல பெட்டியைத் தூக்கிட்டுப் போக முடியாது. பாதிச் சொந்தக்காரனா ஆயிட்டா கேள்வி கேக்க ஆளில்லை. ஒரு பெட்டியைத் தூக்கிட்டு வாங்க.”

ஃபிக்கெட்டும் ரோலண்டும் ஏற்கெனவே சிற்றுண்டி கவுண்டரில் இருந்தார்கள். கவுண்டர்மேல் பத்திரம், பத்திரத்தின்மேல் பேனா. மார்லீன் பெட்டியைப் பேனாவின்மேலேயே வைத்தார்.

ஃபிக்கெட்டின் சிரிப்பு அப்படியே இருந்தது. முகத்தின் மற்றப் பகுதிகள்தான் அதைவிட்டு விலகிப் போயின.

மார்லீன் பல்லால் ஒரு பாக்கெட்டைக் கிழித்தார். “ஐயோ!” என்று அலறியது ரோலண்டா, ஃபிக்கெட்டா என்று தெரியவில்லை, இரண்டு பேருமே நெஞ்சில் கைவைத்திருந்தார்கள். இரண்டாவது பாக்கெட். மூன்றாவது பாக்கெட்டில் விடைத்த காதுகளோடு எல்மோ ஸ்டாட்லர் சிரித்தார். இன்னும் சில பாக்கெட் தள்ளி அவரே இன்னொரு தரம் சிரித்தார். மார்லீன் இரண்டையும் தம்பியின் முன்னால் வைத்தார்.

“நாட்டுலயே ரெண்டுன்னானாமே இவன்? இந்தா, கவுண்டர்லயே ரெண்டு. அப்பா வாங்கிப் போட்டது. நம்ம ஸ்டோர் ரூம்லேர்ந்து திருடி, நம்மகிட்டயே கூடத்தை எழுதி வாங்கப் பார்க்கறான் இந்தக் களவாணி!”

இந்த இடத்தில் ரோலண்ட் எழுந்து ஃபிக்கெட்டின் சட்டையைப் பிடிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அடி விழுந்தால் ஒதுங்க இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டேன். ஃபிக்கெட் அதற்குள் ரோலண்டின் காதருகே குனிந்துவிட்டான்.

“நிதானமா யோசி ரோலண்ட். விஷயம் தெரிஞ்சது நம்ம அஞ்சு பேருக்குத்தான். பெட்டியைப் பிரிக்காம விட்டா எண்ணிக்கை ரெண்டுதான். நான் ரெண்டையும் உனக்கே குடுத்துடறேன். நாளைக்கே நாட்டுல நீதான் முதல். உன் பேரை யாராலும் அசைக்க முடியாது. கையெழுத்து மட்டும் போடு.”

ரோலண்ட் ஃபிக்கெட்டின் பையைப் பார்த்தார். பிறகு பத்திரத்தைப் பார்த்தார்.

அவர் யோசித்தார். திருடன் என்று தெரிந்த பிறகும், அக்காவை வீட்டைவிட்டுத் துரத்தப் போகிறான் என்று தெரிந்த பிறகும், அந்த மனிதர் யோசித்தார். எனக்கு நாக்கில் பத்து கிண்டல் வந்தது, ஒன்றைக்கூடச் சொல்ல மனசில்லை. மார்லீனின் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் வாயை மூடிக்கொண்டிருப்பீர்கள்.

“யோசிக்கிறியாடா?” என்றார் மார்லீன், மெல்ல. “என் எதிர்ல நின்னு யோசிக்கிறியா?”

ரோலண்ட் இன்னும் பத்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி. கூடத்துல பாதி எனக்குன்னா, பெட்டியிலயும் பாதி எனக்குத்தானே?” கேள்வி வெர்னாவுக்கு.

“சட்டப்படி சரி” என்றார் வெர்னா.

மார்லீன் ஆட்டக்காரர்களுக்கு அறிவிப்புச் செய்யும் மைக்கை எடுத்தார். “எல்லாரும் கேட்டுக்குங்க! இன்னிக்கு ஆடறவங்க அத்தனை பேருக்கும் ஒரு பாக்கெட் பேஸ்பால் அட்டை இனாம்! பபிள்கம்மை மட்டும் வாயில போடாதீங்க, அது உங்க கல்யாணத்துக்கு முந்தினது!”

இனாம் என்றால் லீக்காரர்கள் செத்தாலும் எழுந்து வருவார்கள். கவுண்டரில் கூட்டம் அப்பியது. சீஸ் ஒட்டிய விரல்கள், பந்து வழுக்காமலிருக்க மாவு பூசிய விரல்கள், பியரில் நனைந்த விரல்கள். உறைகள் கிழிந்து பறந்தன. பபிள்கம்மைக் கடித்துப் பார்த்த ஒருவர் பல்லைத் தேடிக் குனிந்தார். ஃபிக்கெட் மேஜைக்கு மேஜை ஓடினான். “ஓரத்தைப் பிடிங்க! மூலையைத் தொடாதீங்க! சார், அதால முதுகு சொறியாதீங்க சார், அது பத்து மார்க்!”

“பையை வெச்சுட்டுப் போ” என்றார் வெர்னா, அவன் வாசலை நெருங்கியபோது. “பேரு டெஷ் பவுலிங்னு போட்டிருக்கு. உள்ள இருக்கறதும் அவங்களோடதுதான். மிச்சத்தைப் போலீஸ்கிட்ட பேசிக்கலாம்.”

அவன் வைத்துவிட்டுப் போனான். பந்துகூட இல்லாமல் வந்தவன், பையும் இல்லாமல் போனான்.

ரோலண்ட் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த செட் கூடம் முழுக்க மடங்கிக்கொண்டும் கசங்கிக்கொண்டும் இருந்தது. அக்காவின் பக்கம் திரும்ப அவருக்கு வெட்கமாக இருந்தது என்று நினைக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் மார்லீன் உறைகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவரும் தம்பியைப் பார்க்கவில்லை.

பக்கத்து மேஜையில் மிஸஸ் ஜெலென்கா, லீக்கிலேயே மூத்தவர், தன் பாக்கெட்டைப் பிரித்தார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். விடைத்த காதுகள். யாரோ தெரியாத ஆள் என்று முடிவு செய்து மேஜைமேல் போட்டு, நுரை வழியும் பியர் கிளாஸை அதன்மேல் வைத்தார்.

ரோலண்ட் தன்னையறியாமல் இரண்டே எட்டில் அங்கே போய்விட்டார். கை கிளாஸ்வரை நீண்டது.

“உனக்கு வேணுமாப்பா?” என்றார் மிஸஸ் ஜெலென்கா. “எடுத்துக்கோ, எனக்கு எதுக்கு?”

உறை பொறுக்கிக்கொண்டிருந்த மார்லீனின் கை நின்றது. ரோலண்ட் ஈரத்தில் ஊறிக்கொண்டிருந்த எல்மோ ஸ்டாட்லரைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். பிறகு கையை இழுத்துக்கொண்டார்.

“வேண்டாம்மா. கிளாஸ் அது மேலயே இருக்கட்டும். இல்லேன்னா எங்க மேஜை கறையாயிடும்.”